இரண்டாவது காது

செங்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் திருவாலங்காட்டைச் சுற்றி யாருக்கும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் என்றைக்காவது ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மனசில் ஒன்று வந்துவிட்டால் அவளால் அதை வைத்துக்கொள்ள முடியாது. வாய் திறப்பதற்கு முன்பே முகம் சொல்லிவிடும். அவளுடைய தம்பி அப்பாவு நேர் எதிர். பல்வலி வந்தால்கூடப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அந்த அப்பாவுதான் இப்போது நாட்டின் பிரதமர்.

தம்பி பிரதமர் ஆகிவிட்டான் என்பதற்காக அக்காவின் வாய் சுருங்கிவிடுமா? "டெல்லிக்கு அவன் பெரிய ஆளு, எனக்கு இன்னா?" என்பாள்.

அன்று காலை பச்சையம்மன் கோயில் வாசலில் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பொங்கல் அடுப்பில் விறகைச் செருகினாள், உடனே இழுத்தாள். மேளக்காரர்களிடம் போய் "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்வதற்குள் திரும்பி வந்தாள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று வானத்தைப் பார்த்தாள். பேத்தி தேவதர்ஷினிக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் நாள் அது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். செங்கம்மாளுக்கு அது முடியவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். குழந்தையின் அப்பா மதன், அவளுடைய மருமகன், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். காட்டுப்பள்ளியில் கப்பல் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், நல்ல சம்பளம் என்று கடலுக்குப் போனான். போன மாதம் துப்பாக்கிக் கும்பல் ஒன்று அந்தக் கப்பலை மடக்கிப் பிடித்து, பேர் தெரியாத ஒரு கரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டது. கப்பலில் மதனோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். நம் சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. மதன் பிரதமரின் அக்கா மருமகன் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. 'உங்கள் வீட்டுப் பிள்ளையை முதலில் அனுப்பிவிடுகிறோம். பதிலுக்கு ஓர் ஆளை விடுங்கள். மற்றவர்களைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம்' என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவு டிவியில் தோன்றி, "பதினெட்டுப் பேரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். தனியாக ஒருவரை மட்டும் கேட்டு வாங்க மாட்டோம்" என்றார். நாடே கை தட்டியது. செங்கம்மாள் கையில் இருந்த ரிமோட்டைச் சுவரில் அடித்தாள்.

"பெத்திருந்தா தெரியும்டா ஒனக்கு!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். அப்பாவுக்குக் குழந்தை கிடையாது. சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

காதுகுத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவுதான் போன் பண்ணினார்.

"தேதிய மாத்தாதக்கா. குறிச்ச நாள்ல நடக்கட்டும். நானே வந்து மடில வெச்சிக்கிறேன்."

"இன்னாடா பேசுற நீ? பெத்தவன் எங்க கெடக்குறான்னு தெரியல, புள்ளைக்கு மோளம் கொட்டிக் காது குத்தச் சொல்றியா?"

"நான் சொல்றேன்ல, நடத்து."

மகள் சுமலதாவுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை. அதனால் அவள் குழந்தைக்கும் மாமன் மடி என்றால் அப்பாவு மடிதான். மாமனே நடத்து என்று சொன்ன பிறகு மறுக்க முடியாது. ஆனால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'கப்பலில் பதினெட்டு உயிர், கோயிலில் காதுகுத்து' என்று எழுதித் தள்ளின.

அப்பாவு அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அன்று காலை கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். தொழிலாளர்களோடு நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். புதுவாயல் கூட்ரோட்டில் காரை நிறுத்தி, கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். சுமலதாவின் போனில் அது நேரலையாக ஓடியது. சுமலதா பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அழுது அழுது அவளுக்குக் கண்ணீரே வற்றிப்போயிருந்தது. மகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் செங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஹெலிகாப்டர் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. மாமன் சீர்த்தட்டுகள் முன்னால் வர, மேளம் முழங்க, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் அப்பாவு நடந்து வந்தார். கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு செங்கம்மாள் நின்றாள். சுற்றிலும் டிவி கேமராக்கள். ஆரத்தி எடுக்க வேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"டீ நல்லா இருந்துச்சாடா?" என்றாள்.

மேளம் தானாக நின்றது.

"என் மருமவன் அங்க தண்ணிக்கும் சோத்துக்கும் கையேந்திக்கினு கெடக்குறான். நீ பெஞ்சுல குந்திக்கினு டீ குடிக்கிற. அவனுங்களே ஒருத்தன வுடுறேன்னு சொன்னானுங்க. நீ வாணாம்னுட்ட. நல்ல பேரு எடுக்கணும் ஒனக்கு, அதுக்கு என் பொண்ணு தாலிய அறுக்கணுமா? பிரதமராம்! ஒரு கப்பலாண்ட போவ வக்கு இல்ல, காது குத்த வந்துட்டான்!"

அப்பாவுக்குப் பின்னால் நின்ற செயலர் பாஸ்கர் ஓர் எட்டு முன்னால் வைத்தார். அப்பாவு கையை லேசாகக் காட்டி அவரை நிறுத்தினார். அக்கா மூச்சு வாங்கி முடிக்கும் வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை, அவமானம் இல்லை. அந்த முகத்தில் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஆரத்தி எடுக்கா. கொழந்த வெய்யில்ல காயுது" என்றார்.

செங்கம்மாள் தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் குங்குமத்தை அவர் நெற்றியில் அறைந்தாள். பொட்டா அடியா என்று கேமராவில் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காட்சி எல்லா டிவியிலும் வந்துவிட்டது. எந்த ஊரில் எந்த மொழி டிவியைத் திருப்பினாலும் செங்கம்மாள் கத்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே மொட்டை அடித்து முடித்தார்கள். குழந்தையின் தலையில் சந்தனம் பூசி, முனீஸ்வரர் சிலை நிழலில் மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்த வந்தவர் தணிகைவேல் பத்தர். சுமலதாவுக்கே காது குத்தியவர் அவர்தான். இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்து, எட்ட நின்று பார்த்து, சமமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். ஒரு காது குத்திட்டு எந்திரிக்கக் கூடாது. ரெண்டும் முடியிற வரைக்கும் மாமன் மடி அசையக் கூடாது. அது நம்ம வழக்கம்."

"எனக்குத் தெரியும் பத்தரே, நீங்க குத்துங்க" என்று அப்பாவு சிரித்தார்.

செங்கம்மாள் முன்னால் குந்தி, குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்தே வைத்திருந்தாள். பத்தர் முதல் காதில் தங்கக் கம்பியை இறக்கினார். குழந்தை வீறிட்டது. மேளத்தைப் பெரிதாக அடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாஸ்கர் வேகமாக வந்தார். குனிந்து பிரதமரின் காதில் என்னவோ சொன்னார். எழுந்து அந்தப் பக்கம் வரச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவு மடியில் இருந்த குழந்தையைக் கண்ணால் காட்டினார். சுற்றுச்சுவருக்கு வெளியே ஏணி போட்டு நின்ற கேமராக்களையும் ஒருமுறை பார்த்தார். பாஸ்கர் கறுப்பு போன் ஒன்றை எடுத்து அவர் காதில் வைத்தார்.

மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை குழந்தையின் தாடையைத் தாங்கியிருந்தது, இன்னொரு கை அதன் மார்பை அணைத்திருந்தது. இரண்டும் அசையவில்லை. ஆனால் குனிந்திருந்த செங்கம்மாளின் கண்ணுக்கு நேரே அவருடைய வலது கால் இருந்தது. அந்தக் கட்டைவிரல் மணலுக்குள் இறங்கியது. நகம் மறைந்து, விரலே மறைந்து, இன்னும் இறங்கியது.

செங்கம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சின்ன வயதில் தகப்பனிடம் அடி வாங்கும்போது தம்பியின் கால் இப்படித்தான் மண்ணைத் தோண்டும். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. இப்போதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் குழந்தையைக் குனிந்து பார்த்தார். ரத்தம் ஒரு துளி துளிர்த்திருந்த அந்தக் காதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பாஸ்கரின் முகம் வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு அவர் ஓடாத குறையாகப் போனார்.

"பத்தரே, அடுத்த காது" என்றார் அப்பாவு.

அதற்குப் பிறகு செங்கம்மாள் இருந்த இருப்பு சொல்லி மாளாது. எதுவோ நடக்கிறது, எது என்று தெரியவில்லை. "இன்னாடா போன்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். "ஆபீஸ் வேலக்கா" என்றார் இரண்டு தடவையும். பந்தி போட்டார்கள். அப்பாவு ஊர்க்காரர்களோடு தரையில் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரரிடம் இந்த வருஷம் நெல் என்ன விலைக்குப் போகிறது, ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்தார். சாம்பார் ஊற்றிக்கொண்டார், ரசம் கேட்டார். செங்கம்மாள் பொரியல் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னும் பின்னும் நடந்தாள். ஒரே ஆளுக்கு மூன்று தடவை பொரியல் வைத்துவிட்டு, அவர் வேண்டாம் என்றதற்கு அவரிடமே எரிந்து விழுந்தாள். ஒவ்வொரு தடவை தம்பியின் இலையைக் கடக்கும்போதும் காலைப் பார்த்தாள். சம்மணம் போட்டிருந்ததால் வேட்டிக்குள் மறைந்திருந்தது.

மோருக்கு இலையில் குழி பறித்துக்கொண்டிருந்தபோது பாஸ்கர் மறுபடியும் வந்தார். இந்த முறை நிஜமாகவே ஓடி வந்தார். காதில் சொன்னார். அப்பாவு பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டார். கண்ணை மூடினார். திறந்து, ஏதோ கேட்டார். பாஸ்கர் ஒரு விரலைக் காட்டித் தலையைக் குனிந்தார்.

எச்சில் கையோடு அப்பாவு எழுந்து சுமலதாவிடம் வந்தார்.

"சுமா, மதன் லைன்ல இருக்கான். பேசு."

சுமலதாவுக்குப் புரியவே இல்லை. போனை வாங்கிக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கரில் மதனின் குரல் வந்தது. "சுமா... நான்தான். நல்லாக்கீறேன். எல்லாரும் வெளிய வந்துட்டோம். நம்ம நேவிக்காரங்க வந்தாங்க."

சுமலதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேம்பலுக்கு நடுவே, "நெசமாவா, நெசமாவா" என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் வரவில்லை. செங்கம்மாள் போனைப் பிடுங்கி, "ஐயா, அடி எதுனா பட்டுச்சா? துன்னியா?" என்று கத்தினாள்.

"தோள்ல லேசா, ஒண்ணும் இல்ல அத்த. அத்த, இன்னிக்கி நீங்க மாமாவ வாங்கு வாங்குன்னு வாங்குனீங்களே, அத அவனுங்க டிவில பாத்துட்டானுங்க. ஒரே சிரிப்பு. பாருங்கடா, பிரதமர் கோயில்ல மாட்டிக்கினு முழிக்கிறாரு, இன்னிக்கி ஒண்ணும் நடக்காதுன்னு பாதிப் பேரு துப்பாக்கிய வெச்சிட்டுத் தூங்கவே போய்ட்டான். நீங்க இன்னா பேசுறீங்கன்னு அவனுங்களுக்குச் சொல்லத்தான் என்னக் கீழ ரூம்லருந்து தனியா மேல இஸ்துக்கினு போனானுங்க. நான்தான் ஒவ்வொரு வார்த்தையா அவனுங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தேன்!" மதன் சிரித்தான், சிரிப்பிலேயே அழுதான்.

ஊரே கூச்சல் போட்டது. மேளக்காரர்கள் எச்சில் கையோடு அடிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவு கையை உயர்த்தினார்.

"மோளம் வாணாம். நம்ம நேவிப் பையன் ஒருத்தன் போயிட்டான். மதன் இருந்த ரூமுக்குள்ள மொதல்ல நொழஞ்சவன்" என்றார். "அவங்க அம்மாகிட்ட நான் பேசணும்."

கூச்சல் அடங்கியது. கையைக் கழுவிக்கொண்டு அவர் முனீஸ்வரர் சிலைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் போனில் அவர் குரல் மெதுவாகக் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. செங்கம்மாள் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

அவர் கல்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சொல்லியிருந்தா ஒன் மூஞ்சியே ஊருக்குச் சொல்லியிருக்கும்."

"அதுக்காவ என்னத் திட்ட வுட்டு, அத ஒலகம் பூரா காட்டி... என்ன வெச்சி நாடகம் ஆடினியா?"

"நீ திட்டுவன்னு தெரியும். திட்டட்டும்னு இருந்தேன். ஆடினது நான்தான்க்கா, நீ இல்ல. நீ நெசமாத்தான் திட்டின."

அவளுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை. அப்போது அவர் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, மணல் ஒட்டிய ரத்தம் காய்ந்திருந்தது.

"காது குத்துறப்ப போன் வந்துச்சே, அது இன்னா?"

அப்பாவு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வாணாம்க்கா."

"சொல்லு."

"பொய் சொல்லட்டுமா, நெசம் சொல்லட்டுமா?"

"ஒன்கிட்ட நான் பொய்யா கேப்பேன்?"

அவர் மெதுவாகச் சொன்னார். "நம்ம பசங்க கடலுக்குள்ளயே போயி கப்பலண்ட ஒட்டிக்கினு இருந்தாங்க. ராத்திரிதான் வருவாங்கன்னு அவனுங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பானுங்க, அதான் பகல்ல போனோம். ஏறப்போற நேரத்துல ஒரு சேதி வந்துச்சு. பதினேழு பேரு கீழ ஒரே ரூம்ல பத்திரமா இருக்காங்க. மதன மட்டும் மேல தனியாக் கூட்டினு போய்ட்டாங்க. பக்கத்துல துப்பாக்கிக்காரன் நிக்கிறான். இப்ப ஏறினா பதினேழு பேரக் காப்பாத்திடலாம், அந்த ஒருத்தருக்கு மட்டும் சொல்ல முடியாது, திரும்பி வந்துடட்டுமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"திரும்பி வர்றப்ப எவன் கண்ணுலயாவது பட்டா பதினெட்டும் போயிடும். ஏறுங்கன்னேன்."

பந்தியில் குழந்தையைக் கொஞ்சும் சத்தம் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"அவன் புள்ள ஒன் மடில இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு."

அந்த நிமிஷம் அவளுக்குத் தம்பியைப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனையோ திட்டியிருக்கிறாள், ஒருநாளும் வெறுத்ததில்லை. இப்போது வெறுத்தாள். கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றபோதுதான் மற்றது உறைத்தது. மதன் எதற்காக மேலே போனான்? கீழே பதினேழு பேரோடு பத்திரமாக இருந்தவனை எதற்காகத் தனியாக இழுத்துப் போனார்கள்? அத்தை என்ன பேசுகிறாள் என்று சொல்லத்தானே. அந்த ரூமுக்குள் முதலில் நுழைந்த பையன், அவனைப் பெற்றவளுக்கு இப்போதுதானே இவன் போன் பண்ணினான்.

கை தானாக இறங்கியது. தம்பியின் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்தாள்.

"என் வாயிதான் அவன மேல ஏத்துச்சா?" என்றாள்.

அப்பாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இதையும் அவன் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தான். அதனால்தான் வேண்டாம் என்றான்.

சுமலதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் மாமன் காலில் விழுந்தாள். "மாமா! டிவில என்னென்னவோ சொன்னீங்க, நான் கூட ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன் மாமா. எனக்கோசரம்தான, என் தாலிக்கோசரம்தான இவ்ளோ பேர அனுப்பினீங்க? மதனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான?"

அப்பாவு வாயைத் திறந்தார். நாடாளுமன்றத்தில், டிவியில், பந்தியில் எங்கும் தடுமாறாத ஆள், மகள் மாதிரி வளர்ந்த பெண் முன்னால் சொல் வராமல் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று செங்கம்மாளுக்குத் தெரிந்தது. அவர் கால் மறுபடியும் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாண்டி" என்றாள் செங்கம்மாள். "ஒனக்கோசரம்தான். வேற எதுக்கு?"

சொன்னபோது அவள் முகம் எதையும் காட்டவில்லை. சுமலதா அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, நம்பி, சிரித்தாள். குழந்தையை மாமன் மடியில் வைத்துவிட்டு, மதன் மறுபடி கூப்பிடுகிறான் என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் தம்பியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. குழந்தையின் சந்தன மொட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பாஸ்கர் வருவது தெரிந்து செங்கம்மாள் எழுந்து, அவரை மறைத்து நின்றாள்.

"இன்னாப்பா?"

"அம்மா, வெளியே பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க. சார் வரணும்."

"கொழந்தைக்குக் காது வலிக்குது, மாமன் மடிய வுட்டு எறங்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் ஆவும்னு சொல்லு" என்ற செங்கம்மாள், தம்பி அழுது முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.